எந்தக் கடன் முதலில்?

விடிகாலையில் ஆயிரம் ரூபாய் கடன் வாங்கி, கோயம்பேட்டில் சரக்கெடுத்து, தெருவோரம் விற்று, பொழுது சாய 1,050 ரூபாயாகத் திருப்பிக் கொடுப்பது சென்னையின் சிறு காய்கறி, பழ வியாபாரிகள் பலருக்கு அன்றாட வழக்கம். நாளுக்கு 5 சதவீத வட்டி. ஆண்டில் 300 நாள் வியாபாரம் என்று வைத்தால், அந்த ஆயிரத்துக்கு வட்டியாக மட்டும் 15,000 ரூபாய் போகிறது. காகிதக் கணக்குப்படி இதிலிருந்து வெளியே வருவது கடினமே இல்லை. தினமும் 5 ரூபாயை ஒதுக்கி, மறுநாள் அந்த அளவுக்குக் கடனைக் குறைத்து, அதனால் மிச்சமாகும் வட்டியையும் அதிலேயே சேர்த்துக்கொண்டு போனால் ஏறக்குறைய 50 நாளில் முழு ஆயிரமும் சொந்தக் காசாகிவிடும். ஆனால் அப்படி வெளியே வந்தவர்களைத் தேடித்தான் பிடிக்க வேண்டும்.

டீன் கார்லன், செந்தில் முல்லைநாதன், பெஞ்சமின் ராத் என்ற மூன்று பொருளியலாளர்கள் இதைச் சோதித்துப் பார்த்தார்கள். சென்னையிலும் பிலிப்பைன்ஸிலும் இப்படிக் கடனில் உழலும் சந்தை வியாபாரிகள் சிலரின் வட்டிக் கடனை ஆய்வுக் குழுவே மொத்தமாக அடைத்தது. மற்றவர்களை அப்படியே விட்டது. 2019இல் வெளியான முடிவு ஆறுதலாக இல்லை. கடன் அடைக்கப்பட்டவர்களில் பெரும்பாலோர் ஆறு வாரங்களுக்குள் மறுபடி கடன் வாங்கிவிட்டார்கள். ஓரிரு ஆண்டு கழித்துப் பார்த்தபோது இரண்டு தரப்புக்கும் வித்தியாசமே தெரியவில்லை.

‘இவங்களுக்கெல்லாம் கொடுத்தாலும் நிக்காது’ என்பவர்களுக்கு இந்த முடிவு வசதியானது. அவசரப்பட வேண்டாம். அதே முல்லைநாதனும் வேறு மூவரும் விழுப்புரம், திருவண்ணாமலை மாவட்டங்களின் 54 கிராமங்களில் 464 கரும்பு விவசாயிகளிடம் நடத்திய ஆய்வு 2013இல் வெளியானது. கரும்பில் பணம் அறுவடைக்குப் பிறகு மொத்தமாக வரும். அதற்கு முந்தைய மாதங்கள் வறட்சிதான். அறுவடைக்கு முன் 78 சதவீதம் பேர் எதையாவது அடகு வைத்திருந்தார்கள். அறுவடைக்குப் பின் அது 4 சதவீதம். ஒரே ஆளுக்கு இரண்டு சமயங்களிலும் ஒரே வகையான அறிவுத்திறன் சோதனை வைத்தார்கள். கையில் காசில்லாத மாதங்களில் அவர் கண்கூடாகத் தடுமாறினார். பணம் வந்தபின் தெளிந்தார். கடன்பட்டவர் தவறாக முடிவெடுக்கிறார் என்பதைவிட, முடிவெடுக்கும் மனத்தையே கடன் ஆக்கிரமித்துக்கொள்கிறது என்பது உண்மைக்குப் பக்கத்தில் வருகிறது.

மூன்றாவது ஆய்வு சிங்கப்பூரில் நடந்தது. நெடுங்காலமாகக் கடனில் இருந்த குறைந்த வருமானக் குடும்பங்களுக்கு ஒரு தொண்டு அமைப்பு 5,000 சிங்கப்பூர் டாலர் வரை கடனை அடைத்துக் கொடுத்தது. 196 பேரை முன்னும் பின்னும் சோதித்தார்கள். பதற்றம் குறைந்தது, சிந்தனை கூர்மையானது, ‘இன்றைக்குக் கிடைத்தால் போதும்’ என்ற அவசரமும் தணிந்தது. அந்த முன்னேற்றம் எத்தனை டாலர் அடைபட்டது என்பதைப் பொறுத்து அமையவில்லை. எத்தனை கணக்குகள் முடிந்தன என்பதைப் பொறுத்தே அமைந்தது. ஒரே தொகையில் ஒரு பெரிய கடன் பாதி குறைந்தவரைவிட, மூன்று சின்னக் கடன்கள் அடியோடு தீர்ந்தவரே அதிகம் தேறினார்.

மூன்றையும் சேர்த்துப் படித்தால் எனக்குப் படுவது இது. நெடுநாள் கடனாளியைப் பிடித்து வைத்திருப்பது மொத்தத் தொகை அல்ல. எந்தக் கடனை எப்போது கட்டுவது என்ற வரிசை அவர் கையை விட்டுப் போயிருக்கிறது. யார் வாசலில் நிற்கிறார்களோ, யார் சத்தம் போடுகிறார்களோ, யார் முன்னால் தலைகுனிய நேருமோ, அவர்களுக்கே முதல் காசு போகிறது. மீட்சி என்பது அந்த வரிசையைத் திரும்பக் கைப்பற்றுவதில் தொடங்குகிறது.

மாதம் 24,000 ரூபாய் வரும் ஒரு வீட்டைக் கற்பனை செய்துகொள்வோம். இரண்டு குழுக்கடன்கள், மாதத் தவணை 5,200. இருசக்கர வண்டிக்கு 2,900. தண்டல்காரருக்குத் தினம் 100 வீதம் 3,000. ஊரில் ஒருவரிடம் புரோநோட்டு எழுதிக் கொடுத்து வாங்கிய 50,000 ரூபாய்க்கு அஞ்சு வட்டி, மாதம் 2,500. அசல் அப்படியே நிற்கிறது. இவை தவிர வங்கியில் 60,000 ரூபாய்க்கு நகை, மச்சானிடம் வட்டியில்லாக் கைமாத்து 30,000. தவணையும் வட்டியும் மட்டுமே மாதம் 13,600 ரூபாய். வருமானத்தில் பாதியைத் தாண்டிவிட்டது. ஆகவே ஒன்றில் வாங்கி இன்னொன்றைக் கட்டும் ‘ரொட்டேஷன்’ ஓடுகிறது.

இந்த வீட்டில் எது முதலில் கட்டப்படும் என்பதை ஊரில் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். குழுக்கடன்தான். ஒருத்தி கட்டாவிட்டால் மற்ற பெண்கள் கூட்டம் முடிந்து எழுந்திருக்க முடியாது. அடுத்த வீட்டுக்காரியின் முகத்தில் நாளைக்கு விழிக்க வேண்டும். அடுத்தது தண்டல், கடைவாசலில் சைக்கிளோ வண்டியோ வந்து நிற்கும் என்பதால். கல்யாணம் காதுகுத்து வந்தால் மச்சான் கடன் திடீரென்று முன்னால் வந்துவிடும். அஞ்சு வட்டிக்காரர் நயமாகப் பேசுபவர், வட்டி வந்தால் போதும் என்பார். அதனால் அவருடைய கடன் எப்போதும் கடைசி. கணக்குப்படி பார்த்தால் வீட்டை அரிப்பது அதுதான். ஆண்டுக்கு 30,000 ரூபாய் கொடுத்தும் 50,000இல் ஒரு ரூபாய் குறைவதில்லை. அதே தொகையை ஆண்டுக்கு 10 சதவீத நகைக்கடனாக மாற்ற முடிந்தால் வட்டி 5,000தான். மாற்றாமல் இருப்பதன் விலை ஆண்டுக்கு 25,000.

புதுச்சேரி பிரெஞ்சு ஆய்வு நிறுவனத்தோடு இணைந்து கடலூர், விழுப்புரம் பகுதிகளில் பல ஆண்டுகள் களப்பணி செய்த இசபெல் கெரான், சந்தோஷ் குமார், ஜி. வெங்கடசுப்பிரமணியன் ஆகியோர் 2023இல் வெளியிட்ட ‘தி இன்டெப்டட் வுமன்’ என்ற நூல் இந்த வரிசைக்குள் நுழைந்து பார்க்கிறது. கடனுக்கு விலை வட்டி மட்டும் இல்லை; யாரிடம் வாங்கினோம், அவர் என்ன சாதி, என்ன உறவு, வாங்கியது வெளியே தெரிந்தால் என்ன பேச்சு வரும் என்பதெல்லாம் சேர்ந்துதான் அதன் எடை. திருப்பிக் கட்டும் பாரம் பெரும்பாலும் பெண்ணின் தலையில் விழுவதையும் அவர்கள் விரிவாகக் காட்டுகிறார்கள். இதை ஒதுக்கிவிட்டு ‘அதிக வட்டிக் கடனை முதலில் அடையுங்கள்’ என்று அறிவுரை சொல்லும் நிதி ஆலோசகர்களிடம் எனக்குக் கொஞ்சம் பொறுமைக் குறைவு உண்டு. அவர்களுடைய கணக்கில் பக்கத்து வீட்டுக்காரி வருவதே இல்லை.

வங்கிகளின் கணக்கிலும் ஓர் ஓட்டை. குடும்ப ஆண்டு வருமானம் 3 லட்சத்துக்கு மிகாதவர்களுக்கான குறுங்கடனில், எல்லாத் தவணையும் சேர்ந்து மாத வருமானத்தில் பாதியைத் தாண்டக் கூடாது என்று 2022 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்த ரிசர்வ் வங்கி விதி சொல்கிறது. நல்ல விதி. ஆனால் நம் வீட்டின் மாதத் தவணைகளில் வங்கிகள் பார்க்கும் கடன் பதிவேட்டில் தெரிவது குழுத் தவணையும் வண்டித் தவணையும்தான். இரண்டும் சேர்ந்து 8,100, வருமானத்தில் மூன்றில் ஒரு பங்கு. தண்டலையும் புரோநோட்டையும் அந்த வீடே வாய்திறந்து சொன்னால்தான் உண்டு. ஆகவே திரையைப் பார்க்கும் கிளை ஊழியருக்கு, இந்த வீட்டுக்கு இன்னொரு கடன் தாராளமாகக் கொடுக்கலாம் என்றே தெரியும்.

வரிசையைக் கைப்பற்ற வேண்டுமென்றால், யாரால் உண்மையில் என்ன செய்ய முடியும் என்பது தெரிய வேண்டும். சத்தம் போடுபவருக்கும் சட்டப்படி சேதம் செய்யக்கூடியவருக்கும் பெரும்பாலும் சம்பந்தமில்லை.

புரோநோட்டைத் திருப்பிப் பாருங்கள். பின்பக்கத்தில் தேதி போட்டு, ‘இன்று வட்டி வரவு ரூ. 2,500’ என்று எழுதி, கடன்பட்டவரின் கையெழுத்து இருக்கும். அது வெறும் ரசீதல்ல. காலவரையறைச் சட்டப்படி புரோநோட்டுக்கு மூன்று ஆண்டுதான் ஆயுள். அதற்குள் ஒரு தொகை கட்டி அதைக் கைப்பட எழுதினாலோ கையெழுத்திட்டாலோ, அன்றிலிருந்து புதிதாக மூன்று ஆண்டு ஓடத் தொடங்கும். மூன்றாம் வருடக் கடைசியில் ‘ஒரு ஐநூறாவது கொடுத்துட்டுக் கையெழுத்துப் போடு’ என்று வந்து நிற்பது இதற்காகத்தான். கொடுக்க வேண்டிய கடனைக் கொடுக்கக் கூடாது என்று நான் சொல்லவில்லை. எதில் கையெழுத்துப் போடுகிறோம் என்பது தெரிந்து போட வேண்டும்.

வழக்கு போட்டுத் தீர்ப்பு வாங்கினாலும் எல்லாவற்றையும் ஜப்தி செய்துவிட முடியாது. உரிமையியல் நடைமுறைச் சட்டத்தின் 60ஆம் பிரிவு உடுதுணி, சமையல் பாத்திரம், படுக்கை, மத வழக்கப்படி பெண் கழற்றக் கூடாத நகை, கைத்தொழிலாளியின் கருவிகள் ஆகியவற்றைக் காக்கிறது. கூலித் தொழிலாளி, வீட்டுவேலை செய்பவர் ஆகியோரின் கூலியைத் தொடவே முடியாது. மாதச் சம்பளத்தில் முதல் ஆயிரமும், மீதியில் மூன்றில் இரண்டு பங்கும் விலக்கு. கடன் கட்ட முடியாத வறுமைக்காக மட்டும் ஒருவரைச் சிறையில் தள்ளக் கூடாது என்று 1980இல் ஜாலி ஜார்ஜ் வர்கீஸ் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னது. தீர்ப்பை எழுதியவர் வி.ஆர். கிருஷ்ணய்யர். பணக் கடன் தீர்ப்பை நிறைவேற்றப் பெண்ணைக் கைது செய்யவே கூடாது. ‘நாளைக்குப் போலீஸ் வரும்’ என்ற மிரட்டலில் பாதி இதோடு உதிர்ந்துவிடும்.

உதிராத பாதி காசோலை. அது திரும்பினால் குற்ற வழக்கு. இரண்டாண்டு வரை சிறை, காசோலைத் தொகையின் இரு மடங்கு வரை அபராதம். வங்கிக் கணக்கிலிருந்து தானாகத் தவணை எடுக்கும் ஏற்பாட்டில் பணமில்லாமல் திரும்பினாலும் அதே கதி. விவரமான வட்டிக்காரர்கள் புரோநோட்டோடு கையெழுத்திட்ட வெற்றுக் காசோலையையும் கேட்டு வாங்குவதன் ரகசியம் இதுதான். ஆக, அடகில் நகையோ பத்திரமோ இருக்கும் கடனும், காசோலை கொடுத்த கடனும் சட்டப்படி முன்வரிசை. பிணையில்லாத குழுக்கடனும் கடன் அட்டையும் எத்தனை முறை தொலைபேசி அடித்தாலும் அவற்றுக்குப் பின்னால்தான்.

கடன் அட்டையைப் பற்றி ஒரே ஒரு கணக்கு. ஒரு லட்சம் பாக்கி, மாதம் 3.5 சதவீத வட்டி, குறைந்தபட்சத் தொகை 5 சதவீதம் என்றால் நீங்கள் கட்டும் 5,000இல் 3,500 வட்டிக்கும், அதன் மேல் 18 சதவீத ஜிஎஸ்டி 630 ரூபாயும் போக, அசலில் குறைவது 870 ரூபாய்.

மிரட்டலுக்கு எதிராகவும் சட்டங்கள் இருக்கின்றன. கந்து வட்டி, மீட்டர் வட்டி, தண்டல் என்று ஊர் வழக்குப் பெயர்களையே சட்டத்தில் எழுதி 2003இல் தமிழ்நாடு தடைச் சட்டம் கொண்டுவந்தது. மூன்றாண்டு வரை சிறை, 30,000 ரூபாய் வரை அபராதம். கடன் கொடுத்தவர் வாங்க மறுத்தால் அரசு நிர்ணயித்த வட்டியோடு பணத்தை நீதிமன்றத்தில் கட்டிவிடவும் அதில் வழி உண்டு, பயன்படுத்துவோர் அரிது. சட்டம் வந்து 14 ஆண்டு கழித்து, 2017 அக்டோபர் 23 அன்று, கந்து வட்டிப் புகார் கொடுத்துப் பலமுறை அலைந்த ஒரு குடும்பம் திருநெல்வேலி ஆட்சியர் அலுவலகத்தில் தீக்கு இரையானது. மனு வாங்கும் மேசையில் அந்தச் சட்டம் படுத்துக் கிடந்தது என்பதைத் தவிர இதற்கு வேறு விளக்கம் எனக்குத் தெரியவில்லை. கடன் நிறுவனங்களின் வசூல் கெடுபிடிக்கு எதிராக 2025இல் இன்னொரு சட்டம் வந்தது. மூன்றாண்டு வரை சிறை, 5 லட்சம் வரை அபராதம். குறுங்கடன் வசூலுக்குக் காலை 9 மணிக்கு முன்பும் மாலை 6 மணிக்குப் பின்பும் ஆள் அனுப்பவோ தொலைபேசியில் அழைக்கவோ கூடாது என்பது ரிசர்வ் வங்கி விதி. மீறினால் முதலில் நிறுவனத்துக்கே எழுத்தில் புகார். 30 நாளில் பதில் வராவிட்டால் ரிசர்வ் வங்கி குறைதீர்ப்பாளர், தொலைபேசி 14448. மனம் உடைந்து உயிரை விடலாம் என்ற எண்ணம் தலைகாட்டினால் கணக்கெல்லாம் பிறகு; 14416 அல்லது 104 எண்ணில் இலவசமாகப் பேசலாம்.

எல்லாம் கைமீறிவிட்டால்? திவால் மனுதான். நம் ஊரில் அதற்கு ‘மஞ்சக் கடுதாசி’ என்று பெயர். கேவலத்தின் உச்சமாக அதைச் சொல்வார்கள். அதன் சட்டமோ தூசு படிந்து கிடக்கிறது. சென்னை நகரத்துக்கு 1909ஆம் ஆண்டுச் சட்டம், மற்ற மாவட்டங்களுக்கு 1920ஆம் ஆண்டுச் சட்டம். 1920ஆம் ஆண்டுச் சட்டப்படி 500 ரூபாய் கடன் இருந்தாலே மனுப் போடலாம். அந்தத் தொகை நூறாண்டாக மாறவில்லை. 2016ஆம் ஆண்டு திவால் சட்டத்தில் ஏழைக் கடனாளிக்கென்றே ‘புதுத் தொடக்கம்’ என்ற பகுதி எழுதப்பட்டது. ஆண்டு வருமானம் 60,000க்கு மிகாமல், சொத்து 20,000க்கு மிகாமல், கடன் 35,000க்கு மிகாமல் இருப்பவருக்கு அந்தக் கடனைத் தள்ளிவிடும் ஏற்பாடு. நிறுவனக் கடனுக்குத் தனிப்பட்ட முறையில் ஜாமீன் நின்றவர்களுக்கான பிரிவுகளை 2019 டிசம்பரில் நடைமுறைக்குக் கொண்டுவந்தார்கள். ஏழைக்கான பகுதி தாளிலேயே தங்கிவிட்டது. இங்கிலாந்தில் 2021 முதல் கடனாளி விண்ணப்பித்தால் 60 நாள் வட்டியும் வசூலும் நிற்கும், அந்த இடைவெளியில் ஆலோசகர் உதவியோடு திட்டம் போடலாம். இப்படி மூச்சுவிடும் யோசனை நமக்குப் புதிதும் அல்ல. 1938இல் ராஜாஜி அமைச்சரவை சென்னை மாகாண விவசாயிகளுக்காகக் கொண்டுவந்த நிவாரணச் சட்டம், பழைய கடன்களின் வட்டிப் பாக்கியைத் துடைத்தது. அசலைப் போல இரு மடங்கு ஏற்கெனவே கட்டியிருந்தால் கடனே தீர்ந்ததாகச் சொன்னது. நம் வீட்டின் அஞ்சு வட்டிக் கடனுக்கு அந்த அளவுகோலை வைத்தால், நாற்பதே மாதத்தில் கணக்கு முடிந்திருக்கும்.

சட்டம் கைகொடுக்காத நிலையில் பேரம்தான் மிஞ்சுகிறது. வங்கி பாக்கிக்கு லோக் அதாலத்திலிருந்து நோட்டீஸ் வந்தால் பலர் பயந்து போகாமல் இருந்துவிடுகிறார்கள். போக வேண்டும், தொகையைக் குறைத்து, தவணை போட்டுத் தீர்க்க அது நல்ல இடம். பெண்களுக்கும் பட்டியல் சாதி, பழங்குடி மக்களுக்கும் வருமானம் பாராமல் இலவச வழக்கறிஞர் உண்டு. குறைத்துத் தீர்த்தால் கடன் பதிவேட்டில் ‘செட்டில்டு’ என்று விழும், ஆண்டுக்கணக்கில் அது நிற்கும். இருக்கட்டும். கடனில் மூழ்கியவர் உடனே இன்னொரு வங்கிக் கடன் வாங்க முடியாமல் போவதை நான் பெரிய நஷ்டமாகக் கருதவில்லை. தீர்த்ததற்கான கடிதத்தை வாங்கி வைத்துக்கொண்டு, ஆண்டுக்கொரு முறை இலவசமாகக் கிடைக்கும் சிபில் அறிக்கையில் அது ஏறியிருக்கிறதா என்று பார்த்தால் போதும். தவறு இருந்து புகார் கொடுத்தும் 30 நாளில் திருத்தாவிட்டால் நாளொன்றுக்கு 100 ரூபாய் இழப்பீடு உண்டு. புரோநோட்டுக் கடன் தீர்ந்தால் தாளையும் காசோலையையும் கையில் வாங்காமல் திரும்பக் கூடாது.

முதலில் சொன்ன சந்தை வியாபாரிகள் ஆய்வுக்குத் திரும்ப வருகிறேன். ஆறு வாரத்தில் அவர்களைத் திரும்ப இழுத்தது ஊதாரித்தனம் என்றால், தெளிந்த மனத்தோடு இருந்த கரும்பு விவசாயியையும் அது இழுக்க வேண்டும். கடனை அடைத்தார்கள், ஆனால் அடுத்த காய்ச்சலுக்கும் அடுத்த மழைநாளுக்கும் கையில் ஒன்றும் இல்லை. இழுத்தது அதுதான் என்று நினைக்கிறேன். ஆகவே கடன் இருக்கும்போதே ஒரு சின்னத் தொகையைத் தனியே வைப்பது, வட்டிக் கணக்குப்படி தப்பாகத் தெரிந்தாலும், சரியான காரியம். புதுக்கோட்டை, தஞ்சாவூர்ப் பக்கத்து மொய் விருந்து ஒரு வகையில் இதற்குப் பதில். வட்டியில்லாமல் மொத்தமாகப் பணம் சேரும், அடமான நிலத்தை மீட்கலாம். ஆனால் வாங்கிய மொய்யும் கடன்தான். நோட்டுப் புத்தகத்தில் பேர் இருக்கிறது, அதற்கு மேல் வைத்துத் திருப்ப வேண்டும்.

நம் வீடு எங்கே தொடங்கலாம்? தண்டலில். எல்லாவற்றிலும் சிறியது, முடியும் தேதி தெரிந்தது, முடிந்தால் ஒரு கணக்கு குறையும். 10,000 என்று எழுதி, 1,500 பிடித்துக்கொண்டு 8,500 கொடுத்து, 100 நாள் நூறு நூறாக வாங்குவது வழக்கம். பார்க்க நூறு நாளுக்கு 15 சதவீதம். முதலும் நாளுக்கு நாள் குறைந்துவருவதால் உண்மையில் அது பத்து வட்டி. சிக்கல் எழுபதாம் நாள் வாக்கில் வரும். ‘புதுசா பத்தாயிரம் போட்டுக்கிறீங்களாக்கா?’ என்பார் தண்டல்காரர். பழைய பாக்கி 3,000, பிடித்தம் 1,500 போகக் கைக்கு 5,500 வரும். முப்பது நாளில் முடிய வேண்டியது நூறு நாளாக நீளும். அந்த 5,500க்கு அவர் கூடுதலாக வாங்கப் போவது 7,000. கணக்குப் போட்டால் பதினோரு வட்டி. வேண்டாம் என்று சொல்லிவிட்டால் நூறாம் நாளுக்குப் பிறகு மாதம் 3,000 ரூபாய் மிஞ்சும். முதல் நான்கு மாதம் அந்தப் பணத்தை அஞ்சலகக் கணக்கில் போட்டால் 12,000. ஐந்தாம் மாதத்திலிருந்து அதே 3,000 அஞ்சு வட்டிக்காரரின் அசலுக்கு. அவர் ‘மொத்தமா குடு, பாதி வாங்க மாட்டேன்’ என்றால், மொத்தம் சேரும்வரை அதுவும் அஞ்சலகத்திலேயே இருக்கட்டும்.